அம்மா வீட்டு வாசலுக்கு வாங்கிய வைஃபை கேமரா

மதுரையில் அம்மா தனியாக இருக்கிறாள். அவள் வீட்டு வாசலுக்காக இந்த வைஃபை கேமராவை வாங்கினேன். படம் நல்ல தெளிவு. ராத்திரியில் கேட்டுக்கு வெளியே நிற்பவர் முகம்கூடத் தெரிகிறது. ஆனால் வைஃபையில் சேர்ப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது.

போன் திரையில் வரும் கியூஆர் கோடைக் கேமராவிடம் காட்டினால் 'டிங்' என்று சத்தம் வரும், சிவப்பு விளக்கு மினுக்கும், இரண்டு நிமிஷத்தில் 'இணைக்க முடியவில்லை'. பாஸ்வேர்டை ஆறு தடவை அடித்துப் பார்த்தேன். கோளாறு அதில் இல்லை. இந்தக் கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். எங்கள் ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் விட்டுக்கொண்டிருந்தது. பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தேன். வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3-இலிருந்து பழைய டபிள்யூபிஏ2-க்கு மாற்றினேன். அடுத்த முறையே நீல விளக்கு நிலையாக எரிந்தது. பெட்டிக்குள் இருந்த தாளில் இதற்கு ஒரு வரி கிடையாது. பெரியவர்கள் வீட்டுக்கு விற்கும் பொருளில் அது பெரிய குறை.

சாயங்காலமே இணைப்பு மறுபடி அறுந்தது. ரவுட்டர் டிவிக்குப் பின்னால் கிடந்தது. வாசலுக்கு நடுவே இரண்டு செங்கல் சுவர், ஓர் இரும்புக் கதவு. அலமாரி மேல் தூக்கி வைத்தேன். மூன்று வாரமாக ஒரு தடவைகூட அறுபடவில்லை.

மெமரி கார்டும் சேர்த்தே வாங்குங்கள். நெட் போனாலும் பதிவு நிற்காது. நேற்றுக் காலை பஸ்ஸில் இருந்தபடி பார்த்தேன். பால் பாக்கெட்டை எடுக்க வந்த அம்மா, கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள்.