போட்டோஷொப், கன்வா, இன்க்ஸ்கேப்: வன்னியில் டிசைன் படிப்பிக்க எது நல்லது?

கிளிநொச்சியில் சனி, ஞாயிறுகளில் கிராபிக் டிசைன் வகுப்பு எடுக்கிறேன். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பின்னேரம் அறிவியல் நகர்ப் பக்கமிருந்து வரும் பல்கலைக்கழக மாணவர்கள். எந்த மென்பொருளில் படிப்பிப்பது என்று மற்ற ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு வகுப்புக்கும் நான் எடுத்தது, கோடும் வடிவமுமாக வரையும் மென்பொருளான இன்க்ஸ்கேப். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

விலைக்கதை எல்லாருக்கும் தெரிந்ததே. படம் திருத்தும் போட்டோஷொப், வடிவம் வரையும் இல்லஸ்ரேற்றர் இரண்டுக்கும் டொலரில் சந்தா. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை ஏறியது. சின்ன வகுப்பு ஒன்றுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. திருட்டுப் பிரதியைப் போட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எனக்கு மனமில்லை. கன்வாவின் கல்விப் பதிப்பு பாடசாலை ஆசிரியர்கள் விண்ணப்பித்தால் இலவசம், ஆனால் ஏ.எல் (உயர்தரம்) மட்டத்தோடு சரி. பல்கலைக்கழக மாணவர் தனியாக அதை எடுக்க முடியாது. கன்வா இணையத்தில் ஓடுவது, அதனால் இணையம் இழுபடும் நாளில் வகுப்பும் இழுபடும். இன்க்ஸ்கேப் 2003இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள், முழுக்க இலவசம். போட்டோஷொப்பின் புதிய பதிப்புகள் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்க, இது எங்கள் வகுப்பின் பழைய 4 ஜிபி கொம்பியூட்டர்களிலும் ஓடுகிறது.

இதெல்லாம் சரி. ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தமிழ் எழுத்து.

இங்கே பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள்? இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பனர், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நோட்டீஸ், அக்காவின் கல்யாணக் கார்ட். எல்லாம் தமிழ். 'கொடி' என்று யுனிகோட்டில், அதாவது போனும் கணினியும் பொதுவாகப் புரிந்துகொள்ளும் எழுத்துமுறையில், தட்டினால் கணினிக்குள் முதலில் க, அதற்குப் பின்னால்தான் உயிர்க்குறி. திரையில் வரும்போது கொம்பு (ெ) இடப்பக்கமும் அரவு (ா) வலப்பக்கமும் போய் நிற்க வேண்டும். இன்க்ஸ்கேப் இதை நிறுவிய உடனேயே ஒழுங்காகச் செய்கிறது. போட்டோஷொப்பிலும் இல்லஸ்ரேற்றரிலும் பதிப்பைப் பொறுத்து அமைப்புகளுக்குள் போய் இந்திய மொழிகளுக்கான தெரிவைப் போட வேண்டிவரும். போடாவிட்டால் கொம்பு இடம் மாறிக் கிடக்கும். "சேர், எழுத்து உடையுது" என்று பிள்ளை கையைத் தூக்கும்.

அந்த இடத்தில்தான் பாமினி என்ற பழைய எழுத்துரு உள்ளே வருகிறது. எங்கள் பக்கத்து அச்சகங்களில் போட்டோஷொப்பும் பாமினியும் நெடுங்காலச் சோடி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் எழுத்துரு என்பதால் எந்த மென்பொருளிலும் உடையாமல் தெரியும். ஆனால் பாமினியில் தட்டியதை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். தேடினால் கிடைக்காது. கல்யாண வீட்டுக்காரர் போனில் அனுப்பும் விபரம் யுனிகோட்டில் வருகிறது. அதைப் பாமினிக்கு மாற்றி, பெயரெல்லாம் சரியா என்று திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். இன்றைக்குப் படிக்கத் தொடங்கும் பிள்ளையை இந்தச் சுற்றுக்குள் விட நான் விரும்பவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி, மீரா இனிமை என்று இலவச யுனிகோட் எழுத்துருக்கள் இப்போது தாராளமாக இருக்கின்றன. பாமினி விசைகளுக்குப் பழகிய கைகளுக்கு, அதே விசையில் யுனிகோட் தரும் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளும் உண்டு.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று: 'ழ' எழுத்தைப் பெரிதாகப் போட்டு, அதன் மேல் பேனாக் கருவியால் வரைய வேண்டும். முதலில் கண்டபடி புள்ளி குத்துவார்கள், வளைவு நெளிந்து போகும். பிறகு வளைவின் உச்சி, அடி, இடது ஓரம், வலது ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வைக்கச் சொல்வேன். புள்ளி குறையக் குறையக் கோடு வழுவழுப்பாகும். கருவியும் கைக்கு வரும், தாங்கள் தினமும் எழுதும் எழுத்தின் உடம்பும் பிடிபடும்.

பல்கலைக்கழக மாணவர்களோடு வேறு கதை. அவர்கள் ஆங்கில வீடியோக்களில் படித்துவிட்டு வருகிறார்கள். தலைப்பைப் பெரிய எழுத்தில் போடு என்கிறது வீடியோ. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தடிப்பு, அளவு, நிறம் ஆகியவற்றால்தான் தலைப்பை எழுப்ப வேண்டும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதுபோல நெருக்கினால் மேல்வரியின் 'ரு' கீழ்வரியின் 'கீ'யில் முட்டும். எழுத்திடைவெளியைக் கூட்டினால் கொம்பு தாய் எழுத்தை விட்டு விலகிவிடும்.

கன்வாவை ஒதுக்கவில்லை. ஆறாம் வகுப்புக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை அரை மணித்தியாலத்தில் ஒரு போஸ்டரை முடித்துச் சந்தோசப்பட அது நல்ல வழி. ஆனால் ஆங்கிலத்துக்கு அளந்த டெம்பிளேற்றில் 'பரிசளிப்பு விழாவுக்கு அன்புடன் அழைக்கிறோம்' என்று போட்டதும் பெட்டி நிரம்பி வழியும். ஏன் வழிகிறது, எதைக் குறைக்கலாம் என்று யோசிக்க வைக்க, வெறும் பக்கத்தில் தொடங்குவது மேல்.

போட்டோஷொப் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. படத் திருத்தம் அதில்தான் சுகம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ அச்சகத்தில் வேலை தேடுபவர் அதையும் பாமினியையும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். கடைசி வருட மாணவர்களிடம் இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். டப்லெட்டில் வரையும் பிள்ளைகளோடு எனக்கு அனுபவம் குறைவு, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

இன்க்ஸ்கேப்பின் பெரிய குறை அச்சு நிறம். அது திரைக்குரிய மூன்று நிறங்களில்தான் பிடிஎஃப் தரும். பனருக்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நான்கு நிற அச்சுக்குப் போகும் புத்தக அட்டை என்றால், பக்கம் அமைக்கும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6க்குள் கொண்டுபோய் அங்கே நிறத்தை மாற்றுகிறோம். சின்ன எழுத்தைத் தனிக் கறுப்பில் வைக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக விட்டால், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கும். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் எழுத்தையெல்லாம் வடிவமாக மாற்றிவிடுங்கள், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் உடையாது. திருத்தக்கூடிய மூலப் பிரதியை வேறு பெயரில் சேமித்து வையுங்கள். திகதி மாறியது என்று கட்டாயம் யாராவது போன் எடுப்பார்கள்.