ஹப்பா, சென்டரா?

ஹப் (hub), சென்டர் (centre) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் அகராதியில் 'மையம்' என்றே போட்டிருக்கும். ஆனால் சென்டர் இடத்தைச் சொல்கிறது, ஹப் தொடர்பைச் சொல்கிறது. கிரேக்கத்தில் கென்ட்ரான் என்றால் கூர்முனை. வட்டம் போடக் காம்பஸை ஊன்றும் புள்ளிதான் சென்டர் ஆனது. வட்டத்துக்குச் சென்டர் உண்டு, ஹப் கிடையாது.

ஹப் என்பது சக்கரத்தின் குடம், ஆரக்கால்கள் எல்லாம் வந்து சொருகும் இடம். நாலு வழி கூடிப் பிரிந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். நடுவில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் தீவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, இருந்தும் பெரிய ஹப். கணினியின் ஒரே இணைப்புத் துளையைப் பலவாகப் பிரித்துத் தரும் யூஎஸ்பி ஹப்பும் மேசையின் எந்த மூலையில் கிடந்தாலும் சரி.

ஷாப்பிங் சென்டர், கால் சென்டர் எல்லாம் பழக்கத்தில் நிலைத்துவிட்டவை. அங்கே ஹப் போட்டால் விளம்பர வாடை அடிக்கும். சந்தேகம் வந்தால் நான் சென்டர் பக்கமே சாய்வேன்.