ஜிம்போச்சோல ஒரு மரஅச்சுப் பட பிரிண்ட் கடை, வாங்கலாமா?

டோக்கியோ ஜிம்போச்சோல பழைய புக் கடைங்களுக்கு நடுவுல ஒரு சின்ன கடை, அங்க ஜப்பான் ஓவியர் உத்தமாரோ 1793 வாக்குல பண்ண மூணு அழகிங்க படத்தோட மறுபதிப்பு வாங்குனேன், மரக்கட்டைல செதுக்கி கையால அச்சடிச்சது, செம குவாலிட்டி. லைட்டுக்கு நேரா சாய்ச்சு புடிச்சா பின்னணி மைக்கா தூள் மினுங்குது, நெத்தி ஓரத்துல முடி இழை இழையா தெரியுது, அதையும் மரத்துலதான் செதுக்கிருக்காங்க! நடுவுல இருக்குற தோயோஹினா மட்டும்தான் கெய்ஷா (விருந்துல பாட்டு, டான்ஸ்னு மகிழ்விக்கிற கலைஞர்), மத்த ரெண்டும் டீக்கடை பொண்ணுங்க.

ஒரே கடுப்பு, கெய்ஷான்னு லேபிள் ஒட்டுன பெட்டில பாதி யோஷிவாரா (பழைய டோக்கியோவோட விலைமாதர் பகுதி) ஒய்ரான் படம், அதாவது உயர்தர விலைமாதர் படம், இடுப்புல கட்டுற ஓபி முடிச்சு முன்னாடி இருந்தா அது ஒய்ரான், கெய்ஷா பின்னாடிதான் கட்டுவாங்க, இதச் சொன்னா கடைக்காரர் சிரிச்சுட்டு விட்டுட்டாரு. பேக்கிங் சூப்பர், ஒரு மடிப்பு கூட இல்லாம வீடு வந்துச்சு.