மாடி ஜன்னலும் பக்கத்து வீட்டுத் துவைகல்லும்

மாடியில் ஓர் அறை எடுக்க மேஸ்திரி அளவு பார்த்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்டார்: "தம்பி, கிழக்குப் பக்கம் ஜன்னல் வருதா?"

வருகிறது. அதற்கு நேர் கீழே அவருடைய கொல்லை. கிணறு, துவைகல், தகரக் கதவு போட்ட குளியலறை. குளித்துவிட்டு ஈரத் துணியோடு வீட்டுக்குள் போக திறந்தவெளியில் பத்தடி நடக்க வேண்டும். அந்தப் பத்தடிதான் அவர் கவலை. எனக்கோ, மதுரை வெயிலில் அந்தப் பக்கம் காற்று வராவிட்டால் அறையில் படுக்க முடியாது. என்னென்ன செய்யலாம் என்று ஒரு வாரம் அலசினேன். ஒவ்வொன்றையும் என் அறையிலிருந்து பார்க்காமல், அவருடைய துவைகல்லில் நின்று பார்த்தேன்.

எல்லாரும் முதலில் சொல்வது காம்பவுண்டு சுவரை உயர்த்து என்பது. கணக்குப் போட்டால் இது தேறாது. மாடித் தரை 11 அடி, நிற்பவர் கண் அதற்கு மேல் 5 அடி. ஆக 16 அடி. சுவர் எங்கள் ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. அதை 8 அடிக்கு ஏற்றினாலும், பார்வை சுவரைத் தாண்டி அடுத்த 3 அடியிலேயே தரையைத் தொட்டுவிடும். மறைவது அக்காவின் செம்பருத்திச் செடி மட்டும். துவைகல் அப்படியே தெரியும். அவர் கொல்லைக்கு வெளிச்சம் குறைவதுதான் மிச்சம்.

உருவம் தெரியாத மங்கலான பனிக் கண்ணாடி போட்டால், ஜன்னல் மூடியிருக்கும்வரை நல்லது. சித்திரையில் யார் மூடி வைப்பார்கள்? குளியலறைக்குச் சரி, படுக்கையறைக்குச் சரிவராது.

அடுத்தது ஜாலி, அதாவது துளைத் துளையாக இருக்கும் தடுப்பு. பார்க்க அழகு, காற்றும் வரும். நானும் முதலில் இதைத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஜாலி யாரை மறைக்கிறது? பகலில் உள்ளே மங்கல், வெளியே வெளிச்சம். உள்ளே இருப்பவருக்கு வெளியே நன்றாகத் தெரியும், வெளியே இருப்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. பழைய அரண்மனைகளில் அந்தப்புரத்துக்கு ஜாலி வைத்ததே இதற்காகத்தான். அக்கா நிலையில் இது சாதாரண ஜன்னலைவிட மோசம். ஆள் நிற்கிறாரா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாமல் போகும்.

படுக்கை வாட்டத்தில் பட்டை வைத்த லூவரும் இப்படித்தான். மழைத் தண்ணீர் வெளியே வடிய பட்டைகள் வெளிப்பக்கம் கீழே சாய்ந்திருக்கும். பார்வையும் அதே சாய்வில் நேராகக் கொல்லைக்கு இறங்கும். பட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தி, தெருப் பக்கம் திருப்பி வைத்தால் பலன் உண்டு. செடி, மூங்கில் எல்லாம் அந்த உயரம் வளர வருஷக்கணக்காகும், அதுவரை அக்கா என்ன செய்வார்? சருகும் அவர் கிணற்றில்தான் விழும்.

கடைசியில் நின்றது உயர ஜன்னல். வழக்கமாகத் தரையிலிருந்து 3 அடியில் ஆரம்பிக்கும் ஜன்னலை ஐந்தரை அடியில் ஆரம்பித்து, லிண்டல் (ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டமான 7 அடியில் முடிப்பது. இங்கிலாந்தில் தனி அனுமதி கேட்காமல் கட்டும் விரிவாக்கங்களில், மேல்மாடிப் பக்கவாட்டு ஜன்னலுக்கு மறைப்புக் கண்ணாடி போட வேண்டும். அறைத் தரையிலிருந்து 1.7 மீட்டருக்குக் கீழே அது திறக்கக் கூடாது. கிட்டத்தட்ட அதே ஐந்தரை அடி. எட்டிப் பார்த்தாலும் வானமும் எதிர்வீட்டுத் தென்னை மட்டையும்தான் தெரியும். குறையும் உண்டு. 4-க்கு 4 ஜன்னல் 16 சதுர அடி. இது 6 அடி அகலம் வைத்தாலும் 9 சதுர அடிதான். காற்று கட்டில் மட்டத்தில் வராது. ஆனால் மேலே தேங்கும் சூடு வெளியேறிவிடும், தெருப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்தால் குறுக்குக் காற்றும் கிடைக்கும். எனக்கு இது போதும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று அக்காவிடம் சொல்ல மனம் வரவில்லை. அடுத்தவர் இடத்தின் மேல் நமக்குள்ள அனுபோக உரிமைகளைப் பற்றிய 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, ஊர் வழக்கம் இருந்தால் பக்கத்து வீட்டு அந்தரங்கத்தைக் கெடுக்கும் புது ஜன்னலைத் தடுக்கலாம் என்று உதாரணமே காட்டுகிறது. 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படி ஒரு வழக்கத்தை ஏற்றது. ஆனால் அந்தக் காலத்துச் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள், ஜன்னல் திறப்பது வழக்குப் போடத்தக்க தவறு அல்ல என்ற பக்கமே நின்றன. அக்கா தன் இடத்தில் உயரமாகக் கட்டி என் ஜன்னலை மறைத்தால் நானும் தடுக்க முடியாது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை வர 20 வருஷம் ஆக வேண்டும். இரண்டு பேரும் சுவர் மேல் சுவர் எழுப்பிக்கொண்டே போவதில் என்ன இருக்கிறது?

இத்தனையும் பேசி முடித்தபோது அக்கா வேறொன்றைக் காட்டினார். "ஜன்னல் சரி தம்பி, அந்தப் படிக்கட்டு?" வெளிப்படிக்கட்டின் மேல்படி மேடை கொல்லையைப் பார்த்தபடி இருந்தது. ஜன்னலில் எப்போதோதான் நிற்போம். படியில் நாளுக்கு இருபது தடவை ஏறி இறங்குவோம். எனக்கு இது தோன்றவே இல்லை.

மறுநாள் மேஸ்திரி அந்த மேடையில் மூன்றடிக் கைப்பிடிச் சுவர் என்றிருந்ததை ஐந்தரை அடியாக மாற்றிக் குறித்துக்கொண்டார். ஹாலோ பிளாக் கொஞ்சம் கூடுதலாகும். தளம் போட்டதும் ஜன்னல் மட்டத்தில் ஒரு சாக்குத் துணியைக் கட்டுவோம், அக்கா துவைகல்லில் நின்று பார்த்துச் சொன்ன பிறகு சுவரை எழுப்பலாம் என்று பேசியிருக்கிறோம்.