ஊர்ச் செய்திக்கு எந்த மென்பொருள்? வேர்ட்பிரஸ், துருபல், பியர்டியூப், மாஸ்டடான்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. வெளியூரில் இருந்த எங்களுக்கு அப்போது தெரிய வேண்டியிருந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். எந்தக் குளம் உடைந்தது, எந்தப் பாலத்தில் வண்டி போகிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

எல்லாமே வாட்ஸ்அப்பில் வந்தது. ஆனால் எந்த ஊர், எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று தெரியாமல் வந்தது. காலையில் எடுத்த வீடியோ ராத்திரியில் "இப்போதைய நிலவரம்" என்று சுற்றியது. ஒரு மாதம் கழித்துத் தேடியபோது அதில் பாதி யார் கையிலும் இல்லை.

அதற்கு அப்புறம்தான் நண்பர்கள் சிலர் ஊருக்கென்று ஒரு தளம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தி, மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளில்தான் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்த மென்பொருள் என்பதில்தான் பேச்சு நீண்டது. வேர்ட்பிரஸ், துருபல், பியர்டியூப், மாஸ்டடான் நான்கையும் நிறுவிப் பார்த்தேன். படம் அனுப்புகிறவர் யார், அதைப் பார்த்து வெளியிடுகிறவர் யார் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் எடை போட்டேன்.

முதலில் வேர்ட்பிரஸ். இணையதளம் கட்டும் மென்பொருள், 2003-ல் வந்தது. இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. தமிழ் இடைமுகம் உண்டு, மலிவான ஹோஸ்டிங்கிலும் ஓடும், ஏதாவது உடைந்தால் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்து ஊரிலேயே கிடைப்பார். ஒரே ஒரு தன்னார்வலர் இருக்கும் ஊருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

ஆனால் என் கேள்வியில் இது தடுமாறுகிறது. வேர்ட்பிரஸில் 'கான்ட்ரிபியூட்டர்' என்ற பொறுப்பைக் கொடுத்தால் அவர் எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது. சரி, அதுதானே வேண்டும்? இல்லை, அவரால் படத்தையும் ஏற்ற முடியாது. அடுத்த படியான 'ஆத்தர்' பொறுப்பில் படம் ஏற்றலாம், ஆனால் யாரும் பார்க்காமலேயே நேராக வெளியிட்டும் விடலாம். "படம் அனுப்பு, நாங்கள் பார்த்து வெளியிடுகிறோம்" என்ற, ஊர்த் தளத்துக்கு முதலில் தேவைப்படும் அந்தப் பொறுப்பு வேர்ட்பிரஸில் இயல்பாக இல்லை. பிளகின் என்ற கூடுதல் நிரலைப் போட்டு உருவாக்கலாம். அப்புறம் அந்த பிளகினையும் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள். பதிவின் இணைய முகவரியைத் தமிழிலேயே விட்டால், ஒவ்வொரு யூனிகோட் குறியும் ('கு' என்பதில் எழுத்து ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு) உள்ளே ஒன்பது எழுத்தாக மாறிவிடுகிறது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருக்கும் இடம் 200 எழுத்து. 'குளத்தில்' என்ற ஒரு சொல்லுக்கே 81 போய்விடும். இரண்டு மூன்று சொல்லோடு முகவரி வெட்டுப்பட்டு, வாட்ஸ்அப்பில் பகிரும்போது சதவீதக் குறிகளின் வரிசையாக நிற்கும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட வேண்டும். இன்னொன்று தேடல். வேர்ட்பிரஸின் தேடல் எழுத்தை அப்படியே ஒப்பிடுவது. 'குளம்' என்று தேடினால் 'குளத்தில் உடைப்பு' கிடைக்காது. 'குள' என்று தேடினால் கிடைக்கும். வேற்றுமை உருபு ஏறினால் சொல்லே மாறும் நம் மொழிக்கு இது சின்னக் குறை இல்லை.

துருபலுக்கு வருவோம். இதுவும் இணையதளம் கட்டும் மென்பொருள்தான், 2001-ல் வெளியானது. பெல்ஜியத்தில் ஒரு மாணவர் விடுதியில் நண்பர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதிய சிறிய நிரல்தான் இதன் வேர். அந்தப் பிறப்பின் குணம் இன்னும் மாறவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யார் எழுதலாம், யார் படம் ஏற்றலாம், யார் வெளியிடலாம் என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களாக ஒரே பக்கத்தில் இருக்கின்றன. டிக் அடித்தால் போதும். வரைவு, பரிசீலனை, வெளியீடு என்ற படிகளும் தனியாக எதையும் சேர்க்காமல் மையத் தொகுப்பிலேயே வருகின்றன.

அதைவிட எனக்குப் பிடித்தது, செய்தியின் வடிவத்தை நாமே தீர்மானிக்கலாம் என்பது. 'வெள்ள நிலவரம்' என்று ஒரு வகையை உருவாக்கி, ஊர், குளம் அல்லது பாலத்தின் பெயர், படம் எடுத்த நேரம் என்று மூன்று கட்டாயப் பெட்டிகள் வைத்தேன். நேரத்தை நிரப்பாமல் அனுப்பிப் பார்த்தேன், ஏற்கவில்லை. டிசம்பர் 17 அன்று எங்களைக் குழப்பிய அத்தனைக்கும் அந்த ஒரு பெட்டி பதில் சொல்லியிருக்கும். அதே பெட்டிகளை வைத்து "இந்தக் குளத்தைப் பற்றி இதுவரை வந்தவை" என்ற பக்கமும் தானாகத் திரண்டுவிடுகிறது.

விலை என்னவென்றால், துருபலைக் கற்க நாளாகும். பெரிய பதிப்பு மாறும்போது வேலை கனக்கும். துருபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தபோது, அதிலேயே இருந்த தளங்களை ஏறக்குறைய புதிதாகவே கட்ட வேண்டியிருந்தது. தொடர்ந்து கவனிக்கத் தெரிந்த இரண்டு பேர் இல்லாத ஊருக்கு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது.

வீடியோவுக்குப் பியர்டியூப், யூடியூப் போன்ற தளத்தை நாமே நடத்துவதற்கான மென்பொருள். பிரான்சின் ஃப்ரமாசாஃப்ட் அமைப்பு வளர்ப்பது. முதல் முழுப் பதிப்பு 2018-ல் வந்தது, நேரலை வசதி 2021-ல் சேர்ந்தது. பார்ப்பவர்கள் தங்களுக்குள் வீடியோவின் துண்டுகளைப் பகிர்ந்துகொள்வதால் சர்வரின் சுமை குறையும் என்பதை எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். ஊர்த் தளத்துக்கு அது அவ்வளவு உதவாது, ஏனென்றால் ஒரே வீடியோவை ஒரே நேரத்தில் நூறு பேர் பார்ப்பது அபூர்வம். சுமை வேறு இடத்தில் இருக்கிறது. இன்றைய போனில் முழு எச்.டி.யில் எடுத்தால் பல போன்களில் நிமிடத்துக்கு 100 எம்.பி.யைத் தாண்டும். அதைப் பியர்டியூப் பல தரங்களில் மாற்றிச் சேமிக்கும்போது சின்ன சர்வர் மூச்சு வாங்கும், வட்டும் நிறையும். ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று அளவு வைக்கலாம். புதிய வீடியோவை மட்டுறுத்துநர் பார்க்கும்வரை நிறுத்தியும் வைக்கலாம். அந்த வகையில் என் கேள்விக்கு இது நன்றாகவே பதில் சொல்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அவற்றை முழுதாகப் பதிந்து வைக்க ஓர் இடம் கிடைத்தால் அதுவே போதும், மற்ற வீடியோக்கள் இரண்டாம் பட்சம்தான்.

மாஸ்டடானைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்விட்டர் போலச் சிறு பதிவுகள் இடுவதற்கானது, பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்து ஓடும். 2016-ல் தொடங்கிய நல்ல மென்பொருள், விளம்பரமில்லாத உரையாடல். ஆனால் நேற்றைய செய்தி இன்று கீழே போய்விடும். பதிவுகளை முழுமையாகத் தேட எலாஸ்டிக்சர்ச் என்று தனியாக இன்னொரு தேடல் மென்பொருளை ஓட்ட வேண்டும். பிற சர்வர்களின் படங்கள் நம் வட்டில் வந்து குவியும். அடிக்கடி துடைக்க வேண்டும். அதில் இருப்பவர்களிடம் நம் செய்தி போய்ச் சேர்வதுதான் நோக்கம் என்றால், வேர்ட்பிரஸை மாஸ்டடானோடு இணைக்கும் ஆக்டிவிட்டிபப் பிளகினைப் போட்டாலே போதும், அவர்கள் அங்கிருந்தே நம்மைப் பின்தொடரலாம். கோஸ்ட் என்று இன்னொரு மென்பொருளும் உண்டு, மின்னஞ்சலில் இதழ் அனுப்ப அருமையானது. ஆனால் அது ஆசிரியர் குழு எழுதுவதற்கானது, ஊரே படம் அனுப்புவதற்கானது இல்லை.

யாரும் எதையும் நேராக வெளியிடலாம் என்பதை இண்டிமீடியா என்ற மக்கள் செய்தித் தளம் 1999-லேயே செய்து பார்த்தது. சியாட்டிலில் உலக வர்த்தக அமைப்பின் மாநாட்டை எதிர்த்து நடந்த போராட்டத்தின்போது பிறந்தது அது. எல்லோரும் இடும் செய்தி ஓரத்தில் ஓடையாக ஓடும். ஆசிரியர் குழு தேர்ந்து எழுதியவை நடுவில் நிற்கும். நாளடைவில் அந்த ஓடையில் குப்பையும் வெறுப்பும் சேர்ந்தன. இருந்தாலும் அந்தப் பக்க அமைப்பு எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல், ஓரத்து ஓடைக்கும் ஒரு காவல் வைத்தால் போதும். இங்கே அது சட்டத் தேவையும்கூட. 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, மக்கள் பதிவிடும் தளம் தன் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் தெளிவாக வெளியிட வேண்டும். அந்தப் பெயர் யாருடையது என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு: செய்திக்கும் படத்துக்கும் துருபல், வீடியோவுக்கு, நம்பகமான ஒருவர் ஏற்கெனவே நடத்தும் பியர்டியூப் சர்வரில் ஒரு கணக்கு. எங்களிடம் துருபலைக் கவனிக்க மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர்தான் என்றால் தயங்காமல் வேர்ட்பிரஸ். தனியாகச் சர்வர் நடத்தப் பயமாக இருந்தால், விழுப்புரத்திலும் காஞ்சிபுரத்திலும் இருக்கும் குனு/லினக்ஸ் பயனர் குழுக்களை (கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் குழுக்கள்) போல உங்கள் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேக்கப் பற்றி ஒன்று. முன்பு நான் பார்த்துக்கொண்ட ஒரு வேர்ட்பிரஸ் தளத்தின் ஹோஸ்டிங் கணக்கு முடிந்துபோனது. ஏற்றுமதிக் கோப்பு என்னிடம் இருந்ததால் நிம்மதியாக இருந்தேன். புது இடத்தில் இறக்கியபோது எழுத்து எல்லாம் வந்தது, ஒரு படம்கூட வரவில்லை. அந்தக் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரி மட்டும்தான் இருக்கும். பழைய தளம் உயிரோடு இருந்தால்தான் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். கோயில் கொடை, பள்ளி ஆண்டு விழா என்று நான்கு வருஷத்துப் படங்கள் போய்விட்டன. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் சேர்த்து எடுத்து, மதுரையில் இருக்கும் நண்பருக்கு அனுப்புகிறோம். அவர் அதைத் தன் கணினியில் விரித்து, ஏதாவது ஒரு பழைய படம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் 'சரி' என்று பதில் போடுவார்.