தறிக்கொட்டகையின் பழைய ஷீட்: பெயிண்டா, மேலே மூடலா, கழற்றலா?

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தறிக்கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு முப்பது வருடம் ஆகிறது. இந்த மழைக்கு ரெண்டு இடத்தில் ஒழுகியதும் வீட்டில் மூன்று யோசனைகள் கிளம்பின.

ஷீட்டில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், ஏறக்குறைய 10 சதவீதம், மீதி சிமெண்ட். முழுதாக இருக்கும்வரை சிமெண்ட் அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும். அறுத்தால், துளைத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா (நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய்) எல்லாம் 20, 30, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். பிரிட்டன் 1999-லேயே தடை போட்டது; ஆனாலும் அங்கே இன்றும் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் மீசோதீலியோமாவில் சாகிறார்கள். நம் ஊர்க் கடைகளிலோ வெள்ளைக் கல்நார் ஷீட் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

பெயிண்ட் அடிப்பதுதான் மலிவு. விரிசல் இல்லாத கூரைக்கு அது போதும். ஆனால் பெயிண்டர் முதலில் கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டுவார். நார் கிளம்புவதே அங்கேதான். நனைத்துத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய ஷீட்டில் கால் வைத்தால் உடைந்து ஆள் உள்ளே விழுந்துவிடுவார், குறுக்கே பலகை போடாமல் ஏற விடாதீர்கள்.

பழசின் மேலேயே கலர் ஷீட் போடுவது கடைக்காரருக்குப் பிடித்த யோசனை. தறியை நிறுத்த வேண்டாமாம். சரி, ஸ்க்ரூ எதைத் துளைத்துக்கொண்டு இறங்கும்? பழைய ஷீட்டைத்தானே! அந்தத் தூசி ஓடுகிற தறி மேலும், தறி ஓட்டுபவர் மேலும் கொட்டும். ரெண்டு ஷீட்டின் பாரத்தைக் கூரையின் சட்டகம் தாங்குமா என்பது அப்புறம். எனக்கு இது ஒப்பவே இல்லை.

கழற்றுவது செலவுதான். தறிகளை மூடிவிட்டு, ஷீட்டை நனைத்து, நட்டைக் கழற்றி, முழுசாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். நட்டு துருப்பிடித்திருந்தால் கொக்கியை வெட்டலாம், ஷீட்டில் கிரைண்டர் படக்கூடாது. வாயில் கட்டும் துண்டு இந்த நாரைத் தடுக்காது. உடைந்த துண்டைக் கோழிக்கூண்டுக்கோ சாக்கடை மூடவோ கொடுக்காமல், பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கேளுங்கள். கழற்றிய இடத்தில் போடும் கலர் ஷீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் விரிப்பு இல்லாவிட்டால் சேலத்து மே மாதத்தில் உள்ளே நிற்க முடியாது.

எங்களுக்கு விரிசல் ரெண்டே ஷீட்டில்தான். அதை மட்டும் கழற்றி, மற்றதற்குப் பெயிண்ட் அடிக்கிறோம். ஏற்காட்டில் இருக்கும் மாமா வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே குரங்குகள் தினமும் கூரையில் குதித்து உடைக்கின்றன; அவர் மொத்தத்தையும் இறக்கத்தான் வேண்டும்.