சம்மனைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்

எங்கள் பட்டறையில் பிடித்த தீ பக்கத்துக் கிடங்குக்கும் பரவியது. கிடங்குக்காரர் நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட்டார். மூன்றாம் நபர் இழப்புக்கும் சேர்த்துத்தான் பாலிசி எடுத்திருந்தேன், அதனால் பெரிதாகக் கலங்கவில்லை. சம்மன் வந்த மறுநாளே காப்பீட்டு நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்த அதிகாரி, "எங்க பேனல் வக்கீல் பாத்துப்பார் சார், நீங்க அலைய வேண்டாம்" என்றார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.

அதன்பின் எந்த வக்கீலும் வக்காலத்தில் என் கையெழுத்தை வாங்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாம் கையெழுத்துப் போட்ட வக்காலத்து இல்லாமல் நமக்காக யார் ஆஜராக முடியும்?

ஏழு மாதம் கழித்து கோர்ட் ஊழியரான அமீனா ஜப்தி உத்தரவோடு வந்து நின்றார். கடைசல் இயந்திரத்தின் பக்கம் குனிந்து அதன் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது, என் தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு எக்ஸ்பார்ட்டியாகி, அதாவது ஒருதலைப்பட்சமாக முடிந்து, டிக்ரியே (கோர்ட்டின் தீர்ப்பாணை) வந்துவிட்டது என்று. கிளைக்கு ஓடினேன். ஒரு கடிதத்தை நீட்டினார்கள்: இந்த இழப்பு பாலிசியின் விலக்குகளில் வருகிறதாம், பொறுப்பேற்க முடியாதாம். கடிதத்தின் தேதி தீர்ப்புக்கு மூன்று வாரம் பிந்தியது. மறுப்பதென்றால் சம்மன் கொடுத்த வாரமே மறுத்திருக்கலாமே, நானே ஒரு வக்கீலை வைத்திருப்பேன். இந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9ஆவது ஆணை, 13ஆவது விதிப்படி எக்ஸ்பார்ட்டி டிக்ரியை ரத்து செய்யக் கேட்கலாம். சம்மன் முறையாக வந்து சேரவில்லை அல்லது நாம் கோர்ட்டுக்கு வராததற்குத் தக்க காரணம் இருந்தது, இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும். கெடு 30 நாள். சம்மன் முறையாக நம்மிடம் சேர்க்கப்பட்டிருந்தால் அது டிக்ரி தேதியிலிருந்தே ஓடும், நமக்கு எப்போது தெரிந்தது என்பது கணக்கில்லை. சம்மனை நான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்ததால் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. அதனால் காலவரையறைச் சட்டம் 5ஆவது பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் சேர்த்துப் போட்டோம். கூடவே ஜப்திக்குத் தடை கேட்டும் ஒரு மனு.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்திதான். "சம்மன் வக்கீலுக்கு அனுப்பியாச்சு" என்று அந்த அதிகாரி அன்று மாலை எழுதியிருந்தார். போனில் பேசிய எதற்கும் ஆதாரம் இல்லை. எதிர்த்தரப்பு கடுமையாக எதிர்த்தது, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் சரக்கு எரிந்திருக்கிறது. கடைசியில் டிக்ரி தொகையில் ஒரு பகுதியைக் கோர்ட்டில் கட்ட வேண்டும், எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகையும் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ரத்தானது. அந்தப் பணத்துக்கு மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின.

உங்களுக்கு சம்மன் வந்திருந்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், வக்கீல் பெயரை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா தெரியும். ஒவ்வொரு வாய்தாவுக்கு முன்னும் பாருங்கள். ரத்து மனு தள்ளுபடியானாலும் அதன்மேல் அப்பீல் உண்டு, சோர்ந்துவிட வேண்டாம்.

இப்போது கிடங்குக்காரரின் வழக்குக்கு என் பதிலான எதிருரை தாக்கல் செய்தாகிவிட்டது. பாலிசியை மறுத்ததற்கு நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன், அதற்கு 2 ஆண்டு கெடு. அந்த வாட்ஸ்அப் செய்தியின் அச்சுப்பிரதி இரண்டு வழக்குக் கட்டுகளிலும் இருக்கிறது.